மூக்குப் பெட்டி

ரோபோ என்றால் இரும்பு மனுஷன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் மாட்டுங்காவுக்குப் போனேன். அப்படி ஒருத்தன் கிடைத்தால் என் புருஷனுக்குப் பதிலாக அவனைக் குழிக்குள் இறக்கிவிடலாம், அவன் செத்தால் யார் அழப்போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. அங்கே தமிழ்ச் சங்கத்துக் கட்டடத்தின் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'ரோபாட்டிக்ஸ் அறிமுகம், இலவசம், ஆர்வமுள்ள எவரும் வரலாம்' என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது ஆர்வம் இல்லை, பயம். பயந்தவர்கள் வரக்கூடாது என்று எழுதவில்லையே என்று படியேறினேன்.

என் பெயர் மாரீஸ்வரி. மும்பை தாராவியில் ஒரு பட்டறையில் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் வேல்ராஜ், திருவேங்கடம் அண்ணாச்சியிடம் வேலை பார்க்கிறார். அண்ணாச்சி செம்பூர், மான்குர்த், முலுண்ட் பக்கம் சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் எடுப்பவர். லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சும். உறிஞ்ச முடியாமல் அடியில் இறுகிக் கிடப்பதை அள்ள ஆள் இறங்கவேண்டும். ஆளை இறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாததால் என் வீட்டுக்காரர் இறங்குவார்.

போன மழைக்காலத்தில் அவரோடு வேலை பார்த்த கரீம் பாட்சா, மான்குர்த்தில் ஒரு தொட்டிக்குள் இறங்கியவர் உயிரோடு ஏறவில்லை. இவர் டீ வாங்கப் போயிருந்ததால் வீட்டுக்கு வந்தார். சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்துவிட்டு, அண்ணாச்சி போன் செய்ததும் எழுந்து சட்டையை மாட்டினார். நான் கதவை மறித்துக்கொண்டு கத்தினேன். அவர் வேறு வேலை தேடாமல் இல்லை. வாட்ச்மேன் வேலை கேட்டுப் போன இடத்தில், முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொன்னார். அங்கேயும் அடைத்துக் கிடந்த கக்கூஸைத்தான் காட்டினார்கள்.

"எனக்கு வேற என்னளா தெரியும்? வழிய விடு," என்றார்.

வழியை விட்டேன். அன்று சாயங்காலம் அவர் வந்து சேரும்வரை நான் ஒரு ஜிப்பைக்கூட ஒழுங்காகத் தைக்கவில்லை. அந்த வாரம்தான் மாட்டுங்காவில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன்.

மாடி ஹாலில் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடவே அவர்களுடைய அம்மாக்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன், அவள் கண் முன்னாலேயே நானே குடித்துவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பெடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பெயர் ஃபர்ஸானா. வீடு எங்கள் தாராவியில்தான், வேலை கோபர்கைரனேயில் ஒரு கம்பெனியில். சனிக்கிழமை மட்டும் இங்கே வந்து சும்மா சொல்லித் தருகிறாள்.

மேஜைமேல் ஒரு ஃபேன், ஒரு குக்கர், ஒரு பொம்மைக் கார் இருந்தன. இதில் எது ரோபோ என்று கேட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஃபேன் சுற்றும், ஆனால் அறையில் ஆள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. குக்கர் விசில் அடிக்கும், ஆனால் அரிசி வெந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆவி முட்டுகிறது, குண்டு தூக்குகிறது, அவ்வளவுதான். காரை மட்டும் தரையில் விட்டாள். அது சுவர்வரைக்கும் ஓடி, முட்டுவதற்கு முன்னால் நின்று, திரும்பி வேறு பக்கம் போனது. இதுதான் ரோபோ என்றாள். கை, கால், தலை எதுவும் வேண்டாம். மூன்று காரியம் நடந்தால் போதும். வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சென்சார். தெரிந்ததை வைத்து முடிவெடுக்க ஒரு போர்டு. முடிவெடுத்ததைச் செய்ய ஒரு மோட்டார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் சாமான். அப்புறம் ஒன்று சொன்னாள். எதைப் பார்க்க வைத்தோமோ அதை மட்டும்தான் சென்சார் பார்க்கும். இந்தக் காருக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், எதிரில் நிற்பது சுவரா குழந்தையா என்று தெரியாது.

எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. தெரிந்துகொள்வதிலும் குறைவில்லை, செய்வதிலும் குறைவில்லை, நடுவில் இருக்கவேண்டியதுதான் அவரிடம் கிடையாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினேன். கெட்ட காற்று இருந்தால் அதைத் தெரிந்துகொள்கிற சென்சார் உண்டா என்று கேட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஃபர்ஸானா சிரிக்கவில்லை.

"எந்தக் காத்துக்கா?" என்றாள்.

தொட்டியைப் பற்றிச் சொன்னேன். கரீம் பாட்சாவைச் சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள், நாற்றத்தை நான் கையோடு கொண்டுவந்துவிட்ட மாதிரி.

வகுப்பு முடிந்தபின் ஃபர்ஸானா என்னை உட்காரவைத்துப் பேசினாள். தொட்டிக்குள் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு இருக்கும். அது கூடிப்போனால் முதலில் செத்துப்போவது மனுஷனுடைய மூக்குதான். நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று நம்பி இறங்குவான், அப்படியே விழுவான். என் வீட்டுக்காரரோ தினமும் தொட்டி வாயில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் போனேன். பிள்ளைகள் கார் செய்தார்கள், நானும் ஃபர்ஸானாவும் மூக்கு செய்தோம். டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதன் முகத்தில் வட்டமாக ஒரு கம்பி வலை, வலைக்குப் பின்னால் இரண்டு சென்சார்கள். ஒன்று அந்த வாயுவுக்கு, இன்னொன்று மூச்சுவிடத் தேவையான ஆக்ஸிஜன் போதுமா என்று பார்க்க. பெட்டியை முதலில் தொட்டிக்குள் இறக்கவேண்டும். மேலே குழாயில் செய்த முக்காலி, அதில் மோட்டார் வைத்த கயிற்று உருளை. இறங்குகிறவர் இடுப்பு பெல்ட் அந்தக் கயிற்றில் இருக்கும். காற்று கெட்டிருந்தால் ஆட்டோ ஹார்ன் அலறும், உருளை பூட்டிக்கொண்டு கயிறு விடாது. வெறும் ஹார்ன் போதும் என்றுதான் ஃபர்ஸானா சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சத்தம் போட்டால் கேட்கிற புருஷனாக இருந்தால் நான் ஏன் மாட்டுங்காவுக்கு வருகிறேன்? கயிறு விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

போர்டுக்கு உள்ளே இருக்கவேண்டிய புரோகிராமை என்னையே லேப்டாப்பில் தட்டவைத்தாள். காற்று கெட்டிருந்தால் ஹார்ன் அடி, கயிறைப் பூட்டு. இல்லாவிட்டால் சும்மா இரு, கயிறை விடு. சாரம் இவ்வளவுதான். மெஷின் யோசிக்கிறது என்று ஒருநாளும் நினைக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"நாம எழுதி வச்சதுதான்க்கா அதோட முடிவு. அதுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது."

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, உனக்கு நீயே சக்களத்தி கொண்டுவந்துவிட்டாயே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் வேலைக்கு எடுத்துப் போனார். முதல் தடவையே அது செம்பூரில் அலறியிருக்கிறது. மூடிகளையெல்லாம் திறந்துபோட்டு, ஹார்ன் அடங்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாராம். வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அன்றைக்குத்தான் நான் வெகுநாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் சந்தில் அன்றைக்குப் பொட்டு வைக்காத சாமான் கிடையாது. தையல் மெஷின், கிரில் வெட்டும் மெஷின், தராசு, ஆட்டோ எல்லாம் குளித்து மாலை போட்டு நிற்கும். இவரும் மண்வெட்டியைக் கழுவினார், பெல்ட்டைத் துடைத்தார், மூக்குப் பெட்டியை நடுவில் வைத்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்த வட்ட வலையின்மேல் அப்பினார். முகம் என்று ஒன்று இருந்தால் அங்கேதானே பொட்டு வைப்பார்கள்? அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார், கற்பூரம் காட்டினார். பார்க்க அம்மன் முகம் மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேட்டரியில் தண்ணீர் படக்கூடாது, வயரை இழுக்கக்கூடாது என்றெல்லாம் ஃபர்ஸானா சொல்லியிருந்தாள். சந்தனத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்?

விஜயதசமி முடிந்து செம்பூரில் ஒரு சொசைட்டிக்கு வேலைக்குப் போனார். பெட்டியை இறக்கினார். காய்ந்து இறுகிய சந்தனத்துக்குப் பின்னால் சென்சார்களுக்குப் பூஜை அறையின் காற்றுதான் தெரிந்துகொண்டிருந்தது போல, ஹார்ன் அடிக்கவில்லை. பெட்டி வருவதற்கு முன்னால் என்றால் மூடியைத் திறந்துபோட்டு வெகுநேரம் காத்திருப்பார். இப்போதுதான் மெஷின் இருக்கிறதே. உடனே பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். பாதி ஏணியில் கால் துவண்டுவிட்டது. இடுப்பில் கயிறு இருந்ததால் கூட நின்ற ஆள் மோட்டாரைப் போட்டு மேலே இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன. பேச ஆரம்பித்தால் இருமல் பிடுங்கியது. ஃபர்ஸானா வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வலையை நகத்தால் சுரண்டினாள், சந்தனம் பொடியாக உதிர்ந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வலையில் எதுவும் படக்கூடாது என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று அவளும், பார்த்துக்கொண்டே இருந்தேனே என்று நானும், பொட்டு வைத்தது நான்தானே என்று அவரும், மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு அழுததுதான் மிச்சம்.

இனிமேல் இறங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி ஆப்பிளோடு வந்தார். நல்ல மனுஷன் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் அவர்தான். உட்கார்ந்து காபி குடித்தார். பெட்டியைச் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். இனி எல்லா வேலைக்கும் அது வரவேண்டும், அது இருக்கிறது என்று சொன்னாலே சொசைட்டிக்காரர்கள் வாயைத் திறக்காமல் சம்மதிக்கிறார்கள் என்றார்.

"இப்பம் எவனும் நாத்தம் அடிக்கு, நாளைக்குப் பாப்போம்னு சாக்குச் சொல்ல முடியாதுல்லா. ஹார்ன் அடிக்கலையா, எறங்கிர வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. இவரை மேலே நிறுத்திவைக்க நான் செய்த சாமான், இவரைப் பிடித்துக் கீழே தள்ளுகிற கையாகிவிட்டது. முன்பாவது மனதுக்குச் சரியில்லை என்றால் இறங்க மாட்டேன் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அந்த வழியையும் நானே அடைத்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சி படியிறங்கும்போது அந்த ஆப்பிளை அவர் முதுகில் எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை, நறுக்கி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியின் போர்டை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். ஃபர்ஸானா பிள்ளைகளுக்குக் கார் சக்கரம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் மூலையில் லேப்டாப்பைத் திறந்து என் புரோகிராமை எடுத்தேன். காற்று கெட்டிருந்தால் என்று ஆரம்பிக்கும் வரியை அழித்தேன். இல்லாவிட்டால் என்று வருவதையும் அழித்தேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஹார்ன் அடி, கயிறைப் பூட்டு. எப்போதும், எங்கேயும். மூக்கு இருந்தும் அது இனி எதையும் முகர வேண்டியதில்லை. ஃபர்ஸானாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் விடமாட்டாள், அவள் பேச்சில் நியாயமும் இருக்கும். எனக்கு அப்போது நியாயம் வேண்டாம், புருஷன் வேண்டும்.

மான்குர்த்தில் வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் கூடப் போனேன். அண்ணாச்சி பக்கத்தில் நிற்க, என் வீட்டுக்காரர் முக்காலியை நட்டார், பேட்டரியைக் கொடுத்தார். பெட்டி இன்னும் தொட்டிக்குள் இறங்கவேயில்லை, நடைபாதையில் வெயிலில் இருக்கிறது. அங்கேயே அலற ஆரம்பித்தது.

அவர் குனிந்து வலையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கீழே போட்டேன். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவருக்கு அது போதும்.

அண்ணாச்சி கெட்டுவிட்டதா என்று கேட்டார். பதில் சொல்லவேண்டியவர் என் வீட்டுக்காரர். வாட்ச்மேன் வேலைக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"இல்ல அண்ணாச்சி. மெஷின் சரியாத்தான் சொல்லுது. இன்னைக்கு எறங்க முடியாது."

அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். கல்யாணத்தன்று தாலி ஏறியபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அது அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கும்வரை இருந்தது. யாரிடமோ இரண்டே வார்த்தை பேசினார். முடிவெடுப்பதை நான் பெட்டிக்குள் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது அண்ணாச்சியின் பையில் இருந்திருக்கிறது.

டீ குடித்து முடிப்பதற்குள் பைக்கில் ஒருத்தனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நெல்லையப்பன் என்று பெயர் சொன்னான், ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ஒல்லியான உடம்பு, இந்த வேலையில் இரண்டொரு தடவை இறங்கியிருக்கிறான். கைலியை மடித்துக் கட்டியவன் ஹார்ன் சத்தத்தைக் கேட்டு நின்றான். அது கெட்டுப்போன மெஷின், சும்மா கத்தும் என்றார் அண்ணாச்சி. இறங்காதே தம்பி என்று என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்தார்.

அவன் என்னைப் பார்த்தான். பொம்பளை பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தானோ என்னவோ.

"நெசமாவே காத்து கெட்டுக் கெடக்காக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்து சொல்லியிருக்கவேண்டியது பக்கத்திலேயே இருந்தது. அதன் மூக்கை அறுத்தவள் நான். கீழே காற்று நல்லதாகவும் இருக்கலாம், எமனாகவும் இருக்கலாம். சரி செய்ய லேப்டாப் மாட்டுங்காவில் இருக்கிறது. ஆமாம் தம்பி, கெட்டிருக்கிறது, இறங்காதே என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவன் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உருளை பூட்டிக்கொண்டு கயிறு விடாததால் பெல்ட் இல்லாமலே ஏணியில் காலை வைத்தான். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் லாரியிலிருந்து வேறு கயிறு எடுத்துவந்து அவன் அக்குளுக்கடியில் கட்டி, மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். நான் தொட்டியின் வாயில் குப்புறப் படுத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழேயிருந்து ம் என்றான். மறுபடி கூப்பிட்டேன். ம் என்றான். மறுபடி கூப்பிட்டேன். நெல்லையப்பா என்று என் குரல்தான் சுவரில் முட்டித் திரும்பியது.

கயிறு விறைத்தது. அவர் இழுத்தார், நான் எழுந்து அவருக்குப் பின்னால் பிடித்து இழுத்தேன். வெள்ளைச் சட்டையோடு அண்ணாச்சியும் வந்து இழுத்தார். அவர் வாய் ஏதோ சாமி பெயரைச் சொன்னது. பக்கத்தில் ஹார்ன் அலறிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து கத்தியது பொய், இப்போது அதே சத்தம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, வித்தியாசம் அதற்கே தெரியாது. தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, மூன்று பேருமாகத் தூக்கி நடைபாதையில் போட்டோம். என் வீட்டுக்காரர் அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே, சத்தத்தை நிறுத்து என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

நெல்லையப்பன் இருமினான். வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. என் வீட்டுக்காரரும் அவனுமாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கயிறு அறுத்த உள்ளங்கையால்தான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

நானும் அண்ணாச்சியும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் சட்டையெல்லாம் சேறு. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பொட்டிய ரிப்பேர் பாத்துக் கொண்டா, தாயி. பாதித் தொட்டி அப்படியே கெடக்கு. புதன்கிழமை முடிச்சிருவோம்."

ரிப்பேர் பார்த்தால் அது சும்மா இருக்கும்போதெல்லாம் ஒருத்தன் இறங்குவான். பார்க்காவிட்டால் புதன்கிழமை இவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர் மூஞ்சியில் காறித் துப்பவேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்துக் கெஞ்சவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சரி அண்ணாச்சி, புதன்கிழமைக்குள் கொண்டுவருகிறேன் என்றேன்.